அறை மாறினால் மிச்சமாவது என்ன?

பெங்களூருக்குக் கடல் இல்லை. ஆனால் கடற்பயணத்துக்குப் பணம் சேர்ப்பவர்கள் இந்நகரில் குறைவில்லை. வந்தே பாரத் ரயிலில் ஏறினால் நாலரை மணி நேரத்தில் சென்னை. விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய அதே நேரத்தில் சிங்கப்பூர். பணி ஓய்வு பெற்ற தம்பதியர், திருமண வெள்ளி விழாக் கொண்டாடுவோர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் எனப் பலரும் இன்று சொகுசுக் கப்பல் பயணத்தைத் திட்டமிடுகின்றனர். அவர்களுள் கணக்கறிந்தவர்கள் ஒரு படி மேலே சென்று, ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணங்களைப் பதிவு செய்கின்றனர். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இரண்டு இரவு, மூன்று இரவுப் பயணங்களே மிகுதி. அத்தனை தூரம் பறந்து சென்று இரண்டு இரவோடு திரும்புவானேன், விமானக் கட்டணம் எப்படியும் ஒன்றுதானே என்பது அவர்கள் வாதம். வாதத்தில் பிழையில்லை.

சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் எழுகிறது. இரண்டு பயணங்களும் ஒரே கப்பலில்தான். ஆனால் கப்பல் நிறுவனத்தின் ஏட்டில் அவை இரண்டு தனித்தனி விற்பனைகள். முதற்பயணத்தில் எடுத்த அறையே இரண்டாவது பயணத்தில் கூடுதல் விலையில் இருக்கும். அல்லது வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கும். அப்போது முகவர் ஒரு யோசனை சொல்வார்: "நடுவில் அறையை மாற்றிக்கொள்ளுங்கள், இவ்வளவு மிச்சமாகும்." மாறுவதா, வேண்டாமா? கேள்வி சிறியதுதான். ஆனால் பணத்தைப் பற்றி நாம் எவ்வாறு முடிவெடுக்கிறோம் என்பதை இதைப்போல் தெளிவாகக் காட்டும் கேள்விகள் அதிகமில்லை.

பாயிலிருந்து பால்கனிக்கு

கப்பலில் அறை என்பதே தமிழர் பலருக்கு இரண்டு தலைமுறைக்கு முன்பு எட்டாத பொருள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் நீராவிக் கப்பல், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை தமிழர்களைச் சுமந்து சென்றது. அறை வாங்கியவர்கள் சிலரே. பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்துக் கடலைக் கடந்தனர். பின்னர் அவ்வழியில் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பலும் 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்தோடு பயணிகள் சேவையை நிறுத்திக்கொண்டது. பிழைப்புக்காகக் கப்பலேறிய காலம் அத்துடன் முடிந்தது எனலாம்.

பொழுதுபோக்குக்காகக் கப்பலேறும் காலம் நம் கரையில் அண்மையில் தொடங்கியது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் பயணம் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 2023 ஜூன் 5 அன்று, அதே கப்பல் சென்னையில் புதிதாகக் கட்டப்பட்ட பன்னாட்டுக் கப்பல் சுற்றுலா முனையத்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் வழித்தடத்தில் இடம்பெற்றன. சிங்கப்பூரின் மரினா பே கப்பல் முனையத்திலோ 2012 முதலே பெருங்கப்பல்கள் வந்து நிற்கின்றன. பாய் விரித்த பாட்டனாரின் பேரன் இன்று பால்கனி அறையா, உள்ளறையா என்று யோசிக்கிறார். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் தேர்வுகள் பெருகும்போது கணக்கும் பெருகுகிறது.

ஒரே அறைக்கு இரண்டு விலை ஏன்?

கப்பலில் அறைகள் பொதுவாக நான்கு வகைப்படும். சன்னல் இல்லாத உள்ளறை, கடலைக் காட்டும் சன்னல் அறை, பால்கனி அறை, விசாலமான சொகுசு அறை. விலை இவ்வகையை மட்டும் சார்ந்தது அன்று. புறப்படும் நாள் வார இறுதியா, பள்ளி விடுமுறையா, எத்தனை அறைகள் இன்னும் விற்காமல் உள்ளன என்பவற்றை ஒட்டி அது நாள்தோறும் ஏறி இறங்கும். விமானப் பயணச்சீட்டு விலை பழகியவர்களுக்கு இது புதிதன்று. எனவே திங்கள் முதல் வியாழன் வரை மலிவாகக் கிடைத்த அதே அறை, வெள்ளி முதல் ஞாயிறு வரை கணிசமாக விலை ஏறியிருக்கக்கூடும்.

இந்நிலையில் 'அறை மாறுதல்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறுபட்ட செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது, அதே வகையில் வேறோர் எண்ணுள்ள அறைக்கு மாறுவது. கிடைப்பது அதே கட்டில், அதே பால்கனி. மிச்சமும் பெரும்பாலும் சிறிது. இரண்டாவது, ஒரு பயணத்தில் உயர்ந்த வகையும் மற்றதில் தாழ்ந்த வகையும் எடுப்பது. இதில் மிச்சம் பெரிது; ஆனால் அந்த மிச்சம் அறை மாறியதால் வந்ததன்று, தாழ்ந்த அறையை ஏற்றுக்கொண்டதால் வந்தது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பலரின் கணக்குத் தடம் புரள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இங்குள்ள தொகைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவையே. இருவர் செல்கின்றனர். முதற்பயணம் மூன்று இரவு: பால்கனி அறை ₹90,000, உள்ளறை ₹65,000. இரண்டாம் பயணம் நான்கு இரவு: பால்கனி அறை ₹1,40,000, உள்ளறை ₹1,00,000. இரண்டிலும் பால்கனி என்றால் ₹2,30,000. முதலில் பால்கனி, பிறகு உள்ளறை என்றால் ₹1,90,000. "நாற்பதாயிரம் மிச்சம்!" என்று முகவர் முகமலர்ச்சியோடு சொல்வார்.

அவர் சொல்லாமல் விடும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. இரண்டு பயணத்திலும் உள்ளறையே எடுத்தால் ₹1,65,000 போதும். அறை மாற வேண்டியதும் இல்லை. மாறுவோரைவிட மேலும் ₹25,000 மிச்சம். ஆக, கேள்வி 'மாறுவதா, வேண்டாமா' என்பதே அன்று. 'மூன்று இரவுகள் கடலைப் பார்த்தபடி கண்விழிக்க, இரவுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் கொடுக்க நமக்கு மனம் உண்டா? நான்கு இரவுகளுக்கு இரவுக்குப் பத்தாயிரம் கொடுக்க மனம் உண்டா?' என்பதே உண்மையான கேள்வி. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று மனமாரச் சொல்பவருக்கு மட்டுமே அறை மாறுதல் பொருந்தும். இரண்டுக்கும் ஆம் என்பவர் பால்கனியிலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் இல்லை என்பவர் உள்ளறையிலேயே நிம்மதியாக உறங்கட்டும்.

இன்னொரு நுணுக்கமும் கவனிக்கத்தக்கது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் பயணிகள் கரையிறங்கி ஊர் பார்ப்பார்கள். பால்கனி பூட்டிக் கிடக்கும். கப்பல் நாள் முழுதும் கடலிலேயே செல்லும் நாளில்தான் பால்கனி தன் விலையைத் திருப்பித் தரும். எனவே எந்தப் பயணத்தில் கடல் நாட்கள் மிகுதியோ அதற்குப் பால்கனியை ஒதுக்குவதே முறை. எந்தப் பயணத்தில் அது மலிவு என்பது இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது.

மாறும் நாளில் நடப்பது

அறை மாறுவது அவ்வளவு பெரிய தொல்லையன்று என்று பழகியவர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. பெரும்பாலான கப்பல்களில் பெட்டிகளை மூடி வைத்துவிட்டால் ஊழியர்களே புதிய அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பர். மாட்டித் தொங்கவிட்ட உடைகளைத் தாங்கியோடு எடுத்துச் சென்று புதிய அலமாரியில் மாட்டிவிடுவதும் உண்டு.

ஆயினும் அந்த நாளின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய அறையைக் காலை எட்டு ஒன்பது மணிக்குள் காலி செய்ய நேரும். புதிய அறை பிற்பகலில்தான் தயாராகும். இடைப்பட்ட நான்கைந்து மணி நேரம் கைப்பையோடு பொதுவிடங்களில் கழியும். மருந்து, கடவுச்சீட்டு, கண்ணாடி, கைப்பேசி மின்னூட்டி அனைத்தும் அந்தக் கைப்பையில் இருந்தாக வேண்டும். இன்சுலின் குளிர்பதத்தில் வைப்பவர் அதற்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பழைய கணக்கு முடிக்கப்பட்டு அட்டையில் பணம் பிடிக்கப்படும். புதிய பயணத்துக்குப் புதிய கணக்கு திறக்கப்படும். பாதுகாப்புப் பயிற்சியையும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். அறை மாறினால் ஆபத்துக் காலத்தில் சென்று கூட வேண்டிய இடமும் மாறக்கூடும். அதை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது, புதிதாக ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதன்பிறகே கப்பல் புறப்படும் முன்பாகவோ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை முடிக்க வேண்டும் என்னும் விதி இறுக்கப்பட்டது.

அறை மாறாதவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. பயணங்களுக்கு இடையில் துறைமுகக் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து மீண்டும் ஏற வேண்டி வரலாம். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் தங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பதிவு செய்யும் முன்பே பார்த்துக்கொள்வது அவசியம். அறை மாறுதலில் மிச்சப்படும் சில ஆயிரங்களைப் பற்றி ஒரு வாரம் விவாதித்துவிட்டு, விசாவின் ஒற்றை வரியைப் படிக்காமல் விடுவது பெரும் பிழை.

விழுக்காட்டின் மயக்கம்

மிச்சம் என்ற சொல்லுக்கு நம் மனத்தில் ஒரு மயக்கும் ஆற்றல் உண்டு. அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் உளவியல் அறிஞர்கள் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாக விளக்குகிறது. 15 டாலர் விலையுள்ள கணக்குக் கருவி இருபது நிமிடப் பயணத் தொலைவில் உள்ள கடையில் 5 டாலர் மலிவாகக் கிடைக்கிறது என்றால், பெரும்பாலோர் அங்கே போகச் சம்மதித்தனர். அதே 5 டாலர், 125 டாலர் விலையுள்ள பொருளில் மிச்சமாகும் என்றபோது பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். மிச்சமாவது அதே ஐந்து டாலர். செலவாவது அதே இருபது நிமிடம். மாறியது விழுக்காடு மட்டுமே.

நம் வீடுகளிலும் இதே கதைதான். கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசும் நாம், இரண்டு லட்ச ரூபாய்ப் பயணத்தில் ஏழாயிரம் எட்டாயிரம் எங்கே கசிகிறது என்று கவனிப்பதில்லை. வெளிநாட்டு நாணயத்தில் அட்டை வழியாகச் செலுத்தும்போது வங்கிகள் நாணயமாற்றுக்கு மேல் ஒரு கூடுதல் கட்டணம் விதிக்கின்றன. அது அட்டைக்கு அட்டை வேறுபடும். 2 விழுக்காடு முதல் 3.5 விழுக்காடு வரை இருப்பது வழக்கம். அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு. மேற்சொன்ன ₹1,90,000ஐ 3.5 விழுக்காடு கட்டணமுள்ள அட்டையில் செலுத்தினால், கட்டணம் ₹6,650, வரி ₹1,197, ஆக மொத்தம் ₹7,847. 2 விழுக்காடு கட்டணமுள்ள அட்டையில் அது ₹4,484. வித்தியாசம் ₹3,363. ஒரு பெட்டியையும் தூக்காமல், எந்த அறையையும் காலி செய்யாமல், அட்டையின் கட்டண விவரத்தை ஒருமுறை படித்ததற்கே இந்த மிச்சம்! இதைச் சொல்வது வங்கியின் இதழில் வெளிவரும் கட்டுரை என்பதால், வாசகர் தம் வங்கியின் அட்டையையும் இதே கண்ணாடி போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இந்தியாவில் உள்ள முகவரிடம் வாங்கும்போது வசூலிக்கப்படும் வருமான வரி முன்பிடித்தமும் அத்தகையதே. 2023 அக்டோபர் முதல் ₹7 லட்சம் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு என்று இருந்தது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு ₹10 லட்சமாக உயர்த்தப்பட்டது. விகிதங்கள் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியவை. பதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ளதைக் கேட்டறிந்துகொள்க. இது செலவன்று, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். ஆனால் வரி வரம்புக்குள் வராத ஓய்வூதியர் பலர், கணக்கைத் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகின்றனர். 5 விழுக்காடு விகிதம் நடப்பில் இருந்தபோது, இரண்டு லட்சத்துக்கு அது பத்தாயிரம் ரூபாயாக இருந்தது. அறை மாறிக் கால்கடுக்கச் சேமித்ததைவிடப் பெரிய தொகை, ஒரு படிவம் நிரப்பாததால் அரசின் கருவூலத்தில் தங்கிவிட்டது.

பெட்டி கட்டுபவர் யார்?

இதுவரை சொன்னவை எண்ணிக்கையில் அடங்குபவை. அடங்காதது ஒன்று உண்டு. என் கருத்தில் அதுவே தலையானது.

நம் குடும்பங்களில் 'அறை மாறலாம்' என்று முடிவெடுப்பவர் ஒருவர். பெட்டி கட்டுபவர் பெரும்பாலும் வேறொருவர். கணினி முன் அமர்ந்து விலைகளை ஒப்பிட்டு, ஆறாயிரம் மிச்சம் என்று வெற்றிக் களிப்போடு எழுகிறவர் கணவராக இருப்பார். முதல் நாள் இரவு ஈரத்துணியைத் தனியே மடித்து, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து, ஊறுகாய்ப் புட்டியைப் பாலிதீன் உறையில் கட்டி, மறுநாள் பிற்பகல் மீண்டும் அத்தனையையும் எடுத்து அடுக்குகிறவர் மனைவியாக இருப்பார். வீட்டு வேலையிலிருந்து சில நாள் விடுபடுவதற்காகவே அவர் அந்தப் பயணத்துக்குச் சம்மதித்திருப்பார். ஏழு இரவுகளின் நடுவே ஒரு வேலை நாளை நுழைத்துவிட்டு, அதற்குச் 'சேமிப்பு' என்று பெயர் சூட்டுவது நியாயமாகுமா? அந்த ஆறாயிரம் மிச்சமன்று. ஒருவருடைய உழைப்பைக் கூலியின்றி வாங்கியதன் விலை. கணக்கில் அது வராததற்குக் காரணம், அந்த உழைப்புக்கு நாம் என்றுமே பற்றுச்சீட்டு எழுதியதில்லை என்பதே.

முதியோரைப் பொறுத்தவரை இன்னும் ஒன்று. எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் புதிய அறைக்குப் பழக இரண்டு இரவுகளாவது ஆகும். நள்ளிரவில் எழுந்தால் குளியலறைக் கதவு எந்தப் பக்கம், படி உயரமா, விளக்கின் விசை எங்கே என்று உடம்பு கற்றுக்கொள்ளும் காலம் அது. கற்றுக்கொண்ட மறுநாளே அறையின் அமைப்பை இடவலமாகத் திருப்பிப் போட்டால், ஆடும் கப்பலில் அவர் தடுமாறுவதற்கு நாமே வழி செய்தவராவோம். மறதி தொடங்கிய பெரியவர் என்றால் நீண்ட நடைவழிகளில் பழைய அறை எண்ணைத் தேடி அலையும் அபாயமும் உண்டு. இடுப்பெலும்பு முறிவு ஒன்றின் செலவை எந்த அறையின் தள்ளுபடியும் ஈடு செய்யாது. இத்தகையோர் உடன் வந்தால், ஆட்டம் குறைவாக இருக்கும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில், ஒரே அறையை இரண்டு பயணத்துக்கும் வாங்கிவிடுவதே பொறுப்பான செயல். கூடுதலாகக் கொடுக்கும் தொகை ஆடம்பரமன்று, காப்பீடு.

நிலத்திலும் இதே கணக்கு

கப்பல் ஏறாத வாசகருக்கும் இக்கேள்வி அயலானதன்று. பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்போர் பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் இதையே சந்திக்கின்றனர். ₹28,000 வாடகை கொடுப்பவருக்கு அதே பகுதியில் ₹25,000க்கு ஒரு வீடு தென்படுகிறது. மாதம் மூவாயிரம், ஒப்பந்தக் காலத்துக்கு முப்பத்து மூவாயிரம் மிச்சம். ஆனால் பழைய வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்வது இந்நகரின் வழக்கம், அது ₹28,000. தரகருக்கு ஒரு மாத வாடகை ₹25,000. இவ்விரண்டுமே ₹53,000, சாமான் ஏற்றி இறக்கும் கூலி தனி. போட்டதை எடுக்கவே ஏறக்குறைய பதினெட்டு மாதம் புதிய வீட்டில் இருந்தாக வேண்டும். பிள்ளையின் பள்ளி வாகனம், அம்மாவுக்குப் பழகிய மருத்துவர், மாடியில் துளிர்விட்ட கறிவேப்பிலைச் செடி ஆகியவற்றுக்கு விலை போடவில்லை. மூன்று ஆண்டு இருக்கப் போகிறவர் தாராளமாக மாறலாம்; அடுத்த ஆண்டு வேறு நகருக்கு மாற்றலாகக் கூடியவர் மாறக் கூடாது.

வைப்புநிதியும் அப்படியே. வட்டி விகிதம் அரை விழுக்காடு ஏறியதும் பழைய வைப்பை முறித்துப் புதிதாகப் போட வாடிக்கையாளர் வருவதை எல்லா வங்கிக் கிளைகளிலும் காணலாம். முறிக்கும்போது, பணம் உண்மையில் இருந்த காலத்துக்குரிய வட்டியே கிடைக்கும். அதிலும் பெரும்பாலும் அரை முதல் ஒரு விழுக்காடு வரை குறைக்கப்படும். முதிர்வுக்கு ஆறு மாதமே இருக்கையில் முறிப்பவர் பெரும்பாலும் இழப்பார். நான்காண்டு மிச்சமிருக்கையில் முறிப்பவர் ஆதாயம் அடையக்கூடும். மாறாக, மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டி முடிப்பதற்கு வங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே பணித்துவிட்டது. எனவே அங்கே மாறுவதன் செலவு குறைவு, மிச்சம் பல ஆண்டுகளுக்கு நீடிப்பது. துணிந்து பரிசீலிக்க வேண்டிய மாற்றம் அது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நான்கு இரவுக்கான அறையை மாற்ற நாற்பது முறை விலை பார்க்கிறோம். பதினைந்து ஆண்டுக்கான கடனின் வட்டியை ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

என் முடிவு

அறை மாறுதலை நான் முற்றாக மறுக்கவில்லை. உடல்நலமுள்ள, குறைந்த சாமானோடு செல்லும், இருவரும் சேர்ந்து பெட்டி கட்டும் தம்பதியர்க்கு, வகை மாறுவதால் பெருந்தொகை மிச்சமாகும்போது, அது நல்ல முடிவே. அப்போதும் முதலில் தாழ்ந்த அறையிலும் பிறகு உயர்ந்த அறையிலும் இருக்குமாறு அமைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது; உள்ளறையிலிருந்து பால்கனிக்குப் போகிறவருக்கு மாறும் நாள் ஒரு கொண்டாட்டம், பால்கனியிலிருந்து உள்ளறைக்குப் போகிறவருக்கு அது ஒரு சிறு துக்கம். கணக்கு அதற்கு எதிராக இருந்தால் கணக்கின்படியே செய்க.

ஆனால் அதே வகை அறையில் வேறோர் எண்ணுக்கு மாறி, பயணச் செலவில் இரண்டு மூன்று விழுக்காடு மிச்சம் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதியோரோடும் குழந்தைகளோடும் செல்வோர்க்கு அது அறவே வேண்டாம். அந்தத் தொகையை அட்டைக் கட்டணத்திலும், வரிக் கணக்கிலும், முன்கூட்டிப் பதிவு செய்வதிலும் தேடுங்கள். இரண்டு பயணங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, இரண்டிலும் காலியாக உள்ள அறையைக் கேட்டு வாங்கினால் கேள்வியே பெரும்பாலும் எழாது. முகவரிடம் அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அதற்குத்தான் அவருக்குத் தரகு.

அந்த ஆறாயிரம் இல்லாவிட்டால் பயணமே கைகூடாது என்னும் நிலை ஒருவருக்கு இருக்குமானால், அவருக்கு நான் சொல்வது வேறு. அவர் அறையை மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது பயணத்தையே விட்டுவிடலாம். கடன் அட்டையின் தவணையில் ஏறும் கப்பல், கரை சேர்ந்த பிறகும் மாதந்தோறும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு தொடர் வைப்பைத் தொடங்கி, ஓராண்டு பொறுத்து, கைப்பணத்தில் சென்று வருவதே மேல்.

சிக்கனம் நம் பெரியோர் விட்டுச் சென்ற செல்வம். தளத்தில் பாய் விரித்துக் கடல் கடந்தவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பிய பணத்தில் எத்தனையோ வீடுகள் எழுந்தன. எத்தனையோ பிள்ளைகள் படித்தனர். தம் உடலை வருத்தி அவர்கள் சேமித்தார்கள். பிறர் உடலை வருத்தியன்று. அடுத்த முறை மிச்சக் கணக்கு ஒன்று உங்கள் முன் வரும்போது, எவ்வளவு மிச்சம் என்று கேட்ட கையோடு, அதை யார் சுமக்கிறார் என்றும் கேளுங்கள். விடை 'நான்' என்றால் தாராளமாக மாறுங்கள். விடை வேறொருவர் என்றால், அவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.